சுவருக்குப் போட்ட மெத்தை

“...அப்படின்னா, நீங்க படுக்குறதுக்குன்னு நான் குடுத்த மெத்தைய நீங்க செவுத்துக்குப் போட்டுப் படுக்க வச்சிருக்கீங்க. அப்படித்தானே மாப்ள?”

என் மாமனார் கலியபெருமாள் இப்படிக் கேட்டபோது அவர் தலைமுடி, புருவம், மீசை, சட்டைக் காலர் எல்லாவற்றிலும் இலவம்பஞ்சு ஒட்டியிருந்தது. வலது கையில் டெஸ்டர். இடது கையில் ஒரு பிடி பஞ்சு. வாயை வைத்துப் பிழைக்கிறவன் நான். அந்த வாய் கைவிட்ட சமயங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதில் கட்டைவிரல் இந்தச் சமயம்தான்.

பேசத் தெரிந்தவனுக்குக் கேட்கத் தெரியாது. இது யாரோ பெரியவர் சொன்னது இல்லை, என் அனுபவத்தில் நானே கண்டுபிடித்தது. சிதம்பரம் தெற்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் என் வீடு. பகலில் ஜெராக்ஸ் கடை. முகூர்த்த நாள்களில் மைக். வரவேற்பு, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பள்ளிக்கூட ஆண்டு விழா, எதுவாக இருந்தாலும் மேடையில் நின்று, “அடுத்ததாக...” என்று ஆரம்பிக்கிற ஆள் நான்தான். யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. பஸ் ஸ்டாண்டில், டீக்கடையில், சலூனில் ஜனங்கள் பேசுவதைக் கேட்டு, நல்ல வார்த்தை விழுந்தால் வீணான ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்வேன். அப்படிச் சேர்த்ததுதான் என் மூலதனம். (ஜனங்கள் பேசுவதைக் கேட்டேன் என்கிறேனே தவிர, பாதியிலேயே குறுக்கே புகுந்துவிடுவேன் என்பது சுமதியின் குற்றச்சாட்டு. சுமதி என் மனைவி. புவனகிரியில் ஆசிரியை. அவள் குற்றச்சாட்டுகளுக்கு மேல்முறையீடு கிடையாது.)

இப்படி இருந்தவனுக்கு, புத்தகங்களைப் படித்து ஒலியாகப் பதிவு செய்கிற ஒரு சென்னைக் கம்பெனி ஆள் எடுப்பதாகத் தெரியவந்தது. வீட்டிலிருந்தே படித்து அனுப்பலாம். பத்து நிமிடம் மாதிரி படித்து அனுப்பச் சொன்னார்கள். எனக்கு ரத்தம் சூடேறிவிட்டது. கல்யாண மண்டபத்தில் என் குரலை யார் கேட்கிறார்கள்? பாயசம் வந்துவிட்டதா என்றுதான் கேட்கிறார்கள். இதுவோ, காதில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்கப்போகிற ஜனம். வாழ்க்கையில் ஒரு தடவையாவது என்னை யாராவது முழுசாகக் கேட்க வேண்டும் என்று எனக்கு அப்படி ஓர் ஆசை.

மாடி அறையில் உட்கார்ந்து படித்து அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது. குரலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ‘ஐயா, குளியலறையில் பதிவு செய்தீர்களா? எதிரொலி அதிகமாக இருக்கிறது. அறையைச் சரிசெய்து, மூன்றாவது வாரச் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் மறுபடி அனுப்புங்கள். அதற்குப் பிறகு வாய்ப்பு இல்லை.’

அந்த அறையைச் சொல்லிவிடுகிறேன். பத்துக்குப் பத்து. கீழே மொசைக் தரை, மேலே கான்கிரீட், நான்கு பக்கமும் பளபளவென்று பெயிண்ட் அடித்த சுவர், மூலையில் ஓர் இரும்பு பீரோ. நடுவில் நின்று கையைத் தட்டினால் ‘டட்டட்டட்டங்’ என்று நான்கு சுவரும் சேர்ந்து எனக்குத் திருப்பித் தட்டின. இத்தனை வருடமாக இதைப் பாராட்டு என்று நினைத்து அங்கேயே நின்று பேசிப் பழகியிருக்கிறேன்.

இன்டர்நெட்டில் பார்த்தேன். ஒலி என்பது பந்து மாதிரி. கெட்டியான சுவரில் பட்டால் திரும்பி வரும். மெத்தென்ற, கனமான, காற்று புகுகிற பொருளில் பட்டால் உள்ளே போய் அடங்கிவிடும். அதற்கு ராக் வூல் என்று ஒரு சாமான் உண்டாம். மேல வீதி ஹார்டுவேர் கடையில் போய்க் கேட்டேன்.

“ராக் வூலா? அது என்னா கலரு?”

“கலர் இல்லண்ணே. சத்தத்த உறிஞ்சும்.”

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சத்தத்த உறிஞ்சுற சாமான் இருந்தா நான் வீட்டுக்கு வாங்கிட்டுப் போயிருக்க மாட்டேனா? மூணு பொம்பளப் புள்ள பெத்தவன்யா நான்.”

(உடனே குறித்துக்கொண்டேன்.)

அடுத்து முட்டை அட்டை. முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டினால் சத்தம் அடங்கும் என்று ஊரெல்லாம் ஒரு நம்பிக்கை. முட்டைக் கடை அக்காவிடம் கெஞ்சி எண்பது அட்டை கொண்டுவந்து ஒட்டினேன். எதிரொலி இம்மி குறையவில்லை. எறும்பு வந்தது. எறும்பைத் தின்னப் பல்லி வந்தது. முட்டை அழுகிய வாடை மட்டும் அறைக்குள் நிரந்தரமாகக் குடியேறியது. “ஏங்க, இது ரெக்கார்டிங் ரூமா, கோழிப் பண்ணையா?” என்றாள் சுமதி. எண்பதையும் பிய்த்தெடுத்தேன்.

வெறுத்துப்போய், ஒரு மாலை, பீரோவைத் திறந்து சுமதியின் புடவைகளுக்கு நடுவில் தலையை விட்டு ஒரு பத்தி படித்துப் பார்த்தேன். அடடா! குரல் அப்படியே வெண்ணெய். ஒரு துளி எதிரொலி இல்லை. நான் மெய்மறந்து இரண்டாவது பத்திக்குப் போனபோது பின்னால் காலடிச் சத்தம்.

“என்னா பண்றீங்க?”

“படிக்கிறேன்.”

“என் பட்டுப்புடவைக்கா?”

பீரோவுக்குள் உட்கார்ந்து முழுப் புத்தகம் படிக்க முடியாது. ஆனால் ரகசியம் பிடிபட்டுவிட்டது. மெத்தென்று, கனமாக, நிறைய வேண்டும். நிமிர்ந்தேன். பரண் மேல், பிளாஸ்டிக் ஷீட் சுற்றி, சணல் கயிறு கட்டி, ஒன்பது வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தது சீர் மெத்தை.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பெண்ணுக்குச் சீர் செய்யும்போது கட்டில், பீரோவோடு இலவம்பஞ்சு மெத்தை ஒன்று வரும். கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் கையை வைத்து அமுக்கிப் பார்ப்பார்கள். அதோடு அதன் பொதுவாழ்க்கை முடிந்தது. கனம் தாங்காது, வெயில் காலத்தில் சூடு, உதறி விரிக்க நாலு ஆள் வேண்டும் என்று பரணுக்கு ஏறிவிடும். ஆனால் எங்கள் மெத்தை கடையில் வாங்கியது இல்லை. கடலூரில் மாமனார் வீட்டுப் பின்புறம் இரண்டு இலவ மரம். பெண்ணுக்கு வரன் பார்க்க ஆரம்பித்த வருடத்திலிருந்து காய்களைப் பொறுக்கி, வெடிக்க வைத்து, கொட்டையை ஒவ்வொன்றாக எடுத்து, மூன்று வருடம் சேர்த்த பஞ்சு. உறைத் துணிக்குக் கடை கடையாக ஏறி இறங்கி, மயில் கழுத்து நீலத்தில் சிவப்பு ரோஜா போட்ட துணியை அவரே தேர்ந்தெடுத்தாராம். இந்தக் கதையை என் கல்யாணத்திலிருந்து எத்தனை தடவை சொல்லியிருக்கிறார் என்பதற்குக் கணக்கில்லை. நான் எத்தனை தடவை கேட்டேன் என்றால், யோசித்துப் பார்க்கிறேன், ஒரு தடவைகூட முழுசாகக் கேட்டதில்லை.

கேட்டிருந்தால் கத்தரிக்கோல் எடுத்திருக்க மாட்டேன்.

என் சிநேகிதன் அன்பழகன் தச்சு வேலை செய்கிறவன். எட்டு மரச்சட்டம் அடித்துத் தந்தான். சுமதி பள்ளிக்கூடம் போனதும் இருவரும் மெத்தையை இறக்கி மாடி அறையில் போட்டோம்.

“மச்சான், நல்லா யோசிச்சுக்க. பொண்டாட்டிக்குத் தெரியுமா?”

“பஞ்சு வாங்குறேன்னு சொல்லியிருக்கேன்.”

“வாங்குனதுதானே, மாமனார்கிட்டருந்து,” என்று சொல்லிவிட்டு அவனே தையலைப் பிரித்தான்.

ஒன்பது வருடம் அமுங்கிக் கிடந்த பஞ்சு மூச்சு விட்டது. அதுவரை பரவாயில்லை. புழுக்கமாக இருக்கிறதே என்று பழக்க தோஷத்தில் ஃபேனைப் போட்டுவிட்டேன். பனி பெய்கிற ஊரை நான் பார்த்ததில்லை. சிதம்பரத்தில் பெய்த அன்று அதற்கு நடுவில் நின்றேன். அன்பழகன் இரண்டடி தள்ளி நிற்கிறான், தெரியவில்லை. இருமல் மட்டும் வருகிறது. ஃபேனை நிறுத்தியபோது நாங்கள் இருவரும் சஷ்டியப்த பூர்த்தி முடித்தவர்கள் மாதிரி நரைத்திருந்தோம்.

சட்டங்களில் பஞ்சை நாலு விரற்கடை தடிமனுக்கு அடைத்து, முன்பக்கம் என் பழைய வேட்டிகளை இழுத்து ஆணி அடித்தோம். பின்பக்கத்துக்கு வேட்டி பத்தவில்லை. பின்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று மெத்தை உறையையே வெட்டி அடித்தோம். சுவருக்கு இரண்டாக எட்டுப் பலகையும் ஏறின. கதவு இடுக்குக்குப் பழைய சைக்கிள் டியூப். தரைக்கு ஜமுக்காளம். பரணில் காலி இடம் உறுத்தக்கூடாது என்று எண்பது முட்டை அட்டையையும் அந்தப் பிளாஸ்டிக் ஷீட்டில் சுற்றி, அதே சணல் கயிற்றால் கட்டி மேலே ஏற்றினேன். என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே கண் கலங்கியது.

அன்பழகன் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்தேன்.

இதை எப்படிச் சொல்வது? கிண்டலை ஒரு நிமிடம் ஓரமாக வைத்துவிடுகிறேன். தெரு நின்றது. ஆட்டோ நின்றது. பக்கத்து வீட்டு மிக்ஸி, காக்கா, எல்லாம் யாரோ துணி போட்டு மூடிய மாதிரி அடங்கின. எச்சில் விழுங்கினேன், கிணற்றில் வாளி விழுந்த சத்தம். தலையைத் திருப்பினேன், சட்டைக் காலர் தாடியில் உரசியது கதிர் அறுக்கிற மாதிரி கேட்டது. பிறகு இன்னும் கீழே, மெதுவாக, ஒரு தட்டல். யாரோ மாடிப்படி ஏறுகிறார்கள் என்று எழுந்து கதவைத் திறந்தேன். யாரும் இல்லை. மறுபடி உட்கார்ந்தேன். மறுபடி படி ஏறும் சத்தம். அது என் நெஞ்சு. நாற்பத்திரண்டு வருடமாக இந்த ஆள் எனக்குள் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறான். ஒரு நாளாவது, யாரப்பா என்று நான் கேட்டதில்லை.

சாயங்காலம் சுமதி வந்தாள். திட்டுவதற்கென்றே வாயைத் திறந்துகொண்டு அறைக்குள் நுழைந்தவள், “என்னங்க இது...” என்றதும் நின்றுவிட்டாள். தன் குரல் எங்கே போனது என்று சுற்றிலும் பார்த்தாள். “வாய விட்டு வெளிய போன வார்த்த திரும்பியே வரலியேங்க,” என்றாள், கிசுகிசுப்பாக. பிறகு கைப்பையைக் கழற்றாமலே ஜமுக்காளத்தில் உட்கார்ந்தாள். நாற்பது பிள்ளைகளின் கூச்சலோடு வந்தவள் அது வடியும்வரை எழவில்லை. எழும்போது, “பஞ்சு நல்ல பஞ்சுங்க. எங்க வாங்குனீங்க?” என்றாள்.

“கடலூர் பஞ்சு,” என்றேன். அந்த மூன்று வாரத்தில் நான் சொன்ன ஒரே உண்மை அது.

மாதிரியை உடனே பதிவு செய்து அனுப்பியிருக்கலாம். ஆனால் என்னைப் போன்றவன் கடைசி நாளுக்கு முன் எதையும் செய்து பழக்கமில்லை. தினமும் ஒரு தடவை படிப்பேன், கேட்பேன், இன்னும் நன்றாகப் படிக்கலாம் என்று அழிப்பேன். இதற்குள் மார்கழி வந்துவிட்டது. மார்கழித் தேர் என்றால் சிதம்பரத்தில் வீடு வைத்திருப்பவன் வீடு அவனுடையது இல்லை. சொந்தக்காரர்களுடையது.

வியாழக்கிழமை காலை சுமதி போனை வைத்துவிட்டுச் சொன்னாள்: “அப்பா இன்னிக்கி சாயங்காலம் வர்றாரு. தேர் பாத்துட்டுத்தான் போவாராம். இடுப்பு வலி ஜாஸ்தியா இருக்காம். அந்த மெத்தைய எறக்கி வெயில்ல போடச் சொன்னாரு.”

“மெத்தையா? அத சேத்தியாத்தோப்புக்குக் குடுத்தனுப்பிட்டேனே. பழைய பஞ்சாச்சே, அடிச்சுப் புதுசா தச்சுத் தரச் சொல்லி.”

“அப்ப பரண் மேல இருக்கிறது?”

“வெறும் கவரு.”

“வெறும் கவரா இவ்ளோ குண்டா இருக்கு?”

“காத்து அடைச்சிருக்கு.”

சுமதி என்னை ஓர் ஆசிரியை மாணவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் தப்பித்தேன்.

மாமா வந்து சேர்ந்தார். அவரைப் பற்றி ஒரு விஷயம். கடலூரில் நாற்பது வருடம் மைக் செட் வைத்திருந்தவர். அந்தச் சுற்று வட்டாரத்தில் எந்தக் கோயில் திருவிழாவுக்கும் தென்னை மரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டியது அவர் ஆள்கள். ‘சத்தம் இல்லாத ஊர்ல கல்யாணம் எது, கருமாதி எதுன்னு எவனுக்குத் தெரியும்?’ என்பது அவர் வாசகம். தொழிலை விட்டு ஐந்து வருடம் ஆகியும் சட்டைப் பையில் டெஸ்டர் இருக்கும், பேனா இருக்காது. நான் மேடையில் மைக் பிடிக்கிறவன் என்பதால்தான் எனக்குப் பெண் கொடுத்தார் என்று ஒரு பேச்சு உண்டு.

மெத்தையைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன் என்று கேட்டதும் மாமா நெகிழ்ந்துபோனார். “பாத்தியா சுமதி, நீ சொல்லாமயே செஞ்சிருக்காரு. இப்படி மாப்ள யாருக்கு வரும்?” என்றார். எனக்கு முட்டை வாடை மறுபடி மூக்கில் அடித்தது.

இரண்டு இரவு கோரைப்பாயில் படுத்தார். சனிக்கிழமை காலை அவர் எழுந்ததைப் பார்த்தேன்: முதலில் புரண்டார், பிறகு முழங்காலில் நின்றார், பிறகு சுவரைப் பிடித்து மிச்சத்தை எழுப்பினார். மதியச் சாப்பாடு முடிந்ததும் சட்டை மாட்டிக்கொண்டார்.

“எங்க மாமா?”

“சேத்தியாத்தோப்புக்கு. பஞ்சு அடிக்கிறவன் பக்கத்துல நாம நிக்கலன்னா பாதிய உருவிட்டு உமிய வச்சு தச்சுடுவான். நானே நின்னு வாங்கியாந்துடுறேன். கட அட்ரஸ சொல்லுங்க.”

மணி இரண்டு. அன்றைக்குத்தான் என் கடைசி நாள். மறுநாள் தேர் என்பதால் தெருமுனையில் கட்டிய குழாய்கள் காலையிலிருந்து அலறிக்கொண்டிருந்தன. மைக் செட் ஆள்கள் சாப்பிடப் போகிற இரண்டிலிருந்து நாலு வரைதான் ஓய்வு. அதற்குள் நான் படித்தாக வேண்டும். இவரோ இல்லாத கடைக்கு அட்ரஸ் கேட்கிறார். வாயில் வந்ததைச் சொன்னேன்:

“போறதுக்கு முன்னாடி நம்ம ரெக்கார்டிங் ரூம ஒரு தடவ பாத்துட்டுப் போங்களேன் மாமா!”

(வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்பார்களே, அதுதான். ஓணானுக்குக்கூட டெஸ்டர் கிடையாது.)

மாடி ஏறி வந்தார். உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன். “என்னா மாப்ள, பிரமாதமா...” என்று ஆரம்பித்தவர், நிறுத்திக்கொண்டார். தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். சன்னிதிக்கு முன்னால் செய்கிற மாதிரி. தெரியாமலே செய்தார் என்று நினைக்கிறேன். கண்ணைச் சுருக்கி அறையின் நடுவில் நின்றார். எனக்குப் பெருமை பொங்கியது. நாற்பது வருடம் சத்தத்தை விற்றவரை நான் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டேன்!

“மாப்ள, என்னா ஆன்ல இருக்கு?”

“ஒன்னும் இல்ல மாமா.”

“ஹம் அடிக்குதே. ‘ம்ம்ம்’னு.”

“எனக்குக் கேக்கலியே.”

“உங்களுக்குக் கேக்காது. நீங்க மைக்குக்கு முன்னாடி நிக்கிற ஆளு. நான் பின்னாடி நின்ன ஆளு.”

லேப்டாப்பை அணைத்தேன். சார்ஜரைப் பிடுங்கினேன். அவர் தலையை ஆட்டினார். கீழே ஓடி மெயினையே இறக்கினேன். “யாரு கரண்ட நிறுத்துனது? கிரைண்டர்ல மாவு பாதியில நிக்குது!” என்று சுமதி கத்தினாள். மேலே ஓடினேன். ஜன்னல் மூடிய அறை கும்மிருட்டு; செல்போன் வெளிச்சத்தில் மாமா இன்னும் அப்படியே நிற்கிறார்.

“நிக்கல மாப்ள. எங்கயோ ஒயர் லூசு. எர்த் சரியில்ல. இந்த ஹம்மோட நீங்க ரெக்கார்டு பண்ணி அனுப்புனா உங்க பொழப்பு கெட்டுடும்.”

என் பிழைப்புக்காகத்தான் அவர் தேடினார். இதைக் கவனிக்க வேண்டும். சுவர் சுவராகக் காதை வைத்துக்கொண்டு போனார். முதல் பலகை. இரண்டாவது பலகை. “இங்க ஜாஸ்தியா இருக்கு.” நான்காவது பலகையில் காதை ஒட்டியவர், “புடிச்சுட்டேன்! இதுக்குள்ளதான்,” என்று இரண்டு கையாலும் அதைக் கழற்றினார்.

“மாமா, அதுல ஒன்னும் இல்ல, வுட்டுடுங்க...”

“வுடறதா? ஒரு ஹம்ம நான் இதுவரைக்கும் வுட்டதில்ல.”

பலகையைத் திருப்பாமலே, பின்பக்கத் துணியைக் கைத்தடவலில் கண்டுபிடித்து டெஸ்டரால் ஒரே கிழி கிழித்தார். உள்ளே கை விட்டு ஒயரைத் தேடினார். பஞ்சு குபீரென்று அவர் முகத்தில் பாய்ந்தது. அதே நேரம் கீழே சுமதி மெயினை ஏற்றினாள். லைட் எரிந்தது. அதற்கு மேல் ஃபேனும் சுற்றியது. (இருட்டில் லைட்டுக்கென்று தடவி ஃபேன் ஸ்விட்சைத் தட்டிவிட்டவன் எவன்? நான்தான்.)

பஞ்சு பறந்து அடங்கி, நான் ஃபேனை நிறுத்தியபோது, மாமா கையிலிருந்த பலகையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மயில் கழுத்து நீலம். சிவப்பு ரோஜா. ஒரு பிடி பஞ்சை எடுத்து விரலில் தேய்த்தார். எந்த விதையும் அகப்படவில்லை. அவர் கொட்டை எடுத்த நேர்த்தி அப்படி.

சுமதி படியேறி வந்து வாசலில் நின்றாள். என்னையும் பார்த்தாள், ரோஜாவையும் பார்த்தாள். “சேத்தியாத்தோப்பு இங்கதான் இருக்கா?” என்றாள்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கம்பெனி, குளியலறை, முட்டை அட்டை, கத்தரிக்கோல், ஐந்து மணி. என் வாழ்க்கையிலேயே மிகக் குறைவான வார்த்தைகளில் பேசியது அன்றைக்குத்தான். அந்த அறையில் ஒரு வார்த்தையும் மழுங்காமல் விழுந்தது. பொய்க்கு முட்டுக்கொடுக்க எதிரொலிகூட இல்லை. கேட்டு முடித்துத்தான் மாமா அந்தக் கேள்வியைக் கேட்டார். செவுத்துக்குப் போட்டுப் படுக்க வச்சிருக்கீங்க, அப்படித்தானே மாப்ள.

இந்த இடத்தில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காத்திருக்க வைக்கிறவன் இல்லை நான். ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மாதிரியை அனுப்பினேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது: ‘பதிவின் தரம் மிகச் சிறப்பு. அறை அமைப்பு பாராட்டுக்குரியது. ஆனால் வாசிப்பவர் ஒவ்வொரு வரிக்கும் எச்சில் விழுங்குவது தெளிவாகக் கேட்கிறது. மூச்சும் சீராக இல்லை. வருந்துகிறோம்.’ இத்தனை வருடம் எதிரொலி எனக்குப் போர்வையாக இருந்திருக்கிறது. அதை நானே உருவிப் போட்டிருக்கிறேன். “ரூம் பாஸ், ஆள் ஃபெயில்” என்றாள் சுமதி. அதுதான் பிடித்துக்கொண்டது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் சட்டை நன்றாக இருந்து அதைப் போட்ட ஆள் சுமாராக இருந்தாலும், பந்தி பிரமாதமாக இருந்து மாப்பிள்ளை சுமாராக இருந்தாலும், சொந்தக்காரர்கள் மொத்தமும் சொல்வது அதைத்தான். என்னைப் பார்த்தாலே சொல்கிறவர்களும் உண்டு. அறைக்குக் கிடைத்த அந்தப் பாராட்டில் எட்டில் ஒரு பங்கு யாருக்குச் சேர வேண்டும் என்பதைக் கம்பெனிக்கு நான் எழுதவில்லை. எழுதினால் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஏனென்றால், கேள்வியைக் கேட்டுவிட்டு மாமா என்னிடம் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. டெஸ்டரைப் பையில் போட்டார். தலையைச் சாய்த்தார். இன்னும் அந்த ஹம்மைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. மெதுவாக இரண்டு உள்ளங்கையாலும் இரண்டு காதையும் பொத்தினார்.

அவர் கண்கள் விரிந்தன.

“வெளிய இல்ல மாப்ள,” என்றார். “உள்ள ஓடுது.”

கையை எடுத்தார். மறுபடி பொத்தினார். வலியோ வருத்தமோ அந்த முகத்தில் இல்லை. “எல்லாத் திருவிழாவும் முடிஞ்சு செட்ட நான் நிறுத்திட்டேன்னு நெனச்சேன். நிக்கவே இல்லியா?” என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். சுமதி ஓர் அடி எடுத்து வைத்து, “அப்பா...” என்றாள். “இரும்மா,” என்று கையமர்த்திவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் கேட்டார். நாங்கள் இருவரும் மூச்சுக்கூட மெதுவாக விட்டோம். ஒரு மனுஷனுக்குள் நாற்பது வருடக் குழாய்ச் சத்தம் ஒரே ஒரு ‘ம்’ ஆக அடங்கி ஓடிக்கொண்டிருப்பதை, எங்களுக்குக் கேட்காத அதை, அவர் முகத்தில் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிறகு கைகளை இறக்கினார். சுவரில் பலகை இருந்த இடத்தைப் பார்த்தார். ஆறடிக்கு வெறும் பெயிண்ட் பளபளவென்று தெரிந்தது.

“இந்த எடம் இப்படி மொட்டையா இருந்தா ரெக்கார்டு கெட்டுடுமா?”

“கெட்டுடும் மாமா.”

“பலகைய திரும்பத் தைக்க நேரம் இருக்கா?”

“நாலு மணிக்குக் குழாய் போட்டுடுவாங்க.”

மாமா கிழிந்த பலகையைச் சுமதியிடம் கொடுத்து வெளியே கொண்டுபோகச் சொன்னார். தரையில் கொட்டிக் கிடந்த பஞ்சை இரண்டு கையாலும் அள்ளி, சட்டைக்குள்ளே முன்னும் பின்னும் திணித்துக்கொண்டார். இடுப்பிலிருந்த துண்டை உதறி மார்போடு போர்த்திக்கொண்டார்.

“நீங்க படிங்க மாப்ள,” என்று சொல்லி, இடுப்பு வலிக்கிற அந்த மனிதர் வெற்றுச் சுவரில் முதுகை ஒட்டி நின்று, இரண்டு கையையும் பலகை அகலத்துக்கு விரித்துக்கொண்டு, கண்ணை மூடினார்.